கிண்டிக்கு மூஞ்சி எந்தப் பக்கம்? நாவலைப் பொம்மையும் பாத்திரமும் வைத்து மேடையேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு வாசகசாலைக் கூடத்தில் நாங்கள் முதல் தடவை ‘கமலாம்பாள் சரித்திரம்’ போட்டபோது இரண்டே முக்கால் மணி நேரம் ஓடியது. 23 பொம்மைகள். இடைவேளையில் டீ குடிக்கப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று கௌரவமான காரணமும் சொல்லிவிட்டுப் போனார்கள். இப்போது அதே நாவலை 50 நிமிடத்தில், 11 பாத்திரங்களோடு போடுகிறோம். பெரும்பாலும் நிஜப் பாத்திரங்கள், சமையலறையில் இருந்து வந்தவை. கதையில் வருபவருக்கும் குழம்பு வைப்பதற்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் செய்த தவறுகளில் பெரியது, நாவலை முழுசாக ஏற்றப் பார்த்தது. ராஜமய்யர் அதை 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ பத்திரிகையில் தொடராக எழுதினார். தொடர்கதை என்றால் கிளை பரப்பி வளரும். கல்யாணம், திருட்டு, ஊர்வம்பு, ஜல்லிக்கட்டு, வேதாந்தம் எல்லாம் அதில் உண்டு. படிக்கிறவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு மணி நேர ஆட்டம் ஒரே ஒரு இழையைத்தான் தாங்கும்.

அந்த இழையை எங்களுக்கு எடுத்துக் கொடுத்தது நாவலின் பழைய தலைப்பு: ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. அபவாதம் என்றால் வீண்பழி. சரி, ஒரு பேச்சு வாய்க்கு வாய் மாறி ஒரு குடும்பத்தை என்ன செய்கிறது என்பதுதான் நம் கதை என்று முடிவு செய்தோம். அதில் சேராததை எல்லாம் வெட்டினோம். வேதாந்தப் பகுதியை வெட்டியதற்காக ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, ராஜமய்யருக்கு அதுதான் உயிர். ஆனால் என் கையில் இருந்தவை மூடிகளும் கரண்டிகளும்.

அடுத்தது, பொருளைத் தோற்றம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. பணக்காரருக்குப் பித்தளைக் குடம், ஏழைக்கு நசுங்கிய அலுமினியக் கிண்ணம் என்று எடுத்து வைத்தால் பார்க்கிறவருக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தக் குடத்திடம் காட்ட எதுவும் இருக்காது. பொருள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அது என்ன செய்யும் என்று பாருங்கள். உருட்டுங்கள், தட்டுங்கள், சாயுங்கள், பாதி தண்ணீர் ஊற்றி ஆட்டுங்கள், கை தவறினால் எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

நாவலில் ‘வம்பர் மகாசபை’ என்று ஒரு கூட்டம் வரும். ஊர்க்கதை பேசுவதற்கென்றே கூடும் பெண்கள். அவர்களுக்காக முதலில் பெரிய வாய் வைத்துத் துணிப்பொம்மை தைத்தோம். யாரும் சிரிக்கவில்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்து பாத்திரங்களை அடுக்கும்போது ஒரு எவர்சில்வர் மூடி கைநழுவி மேசையில் விழுந்து சுழன்றது. பார்த்திருப்பீர்கள்: மூடி முதலில் நிமிர்ந்து மெதுவாகச் சுற்றும். சாயச் சாய ஆட்டம் வேகமாகும், சத்தம் நெருங்கி நெருங்கி ஒரே இரைச்சலாகி, பட்டென்று அடங்கும். வதந்தி கிளம்பி ஊரைச் சுற்றி வந்து அடங்குவதை அந்த மூடி பத்து நொடியில் சொல்லிவிட்டது. துணிப்பொம்மைகளை அன்றைக்கே மூட்டை கட்டினோம். இப்போது சபையில் ஐந்து மூடிகள். அலுமினிய மூடி மந்தமாகத் தட்டும், அவள் காது கேளாதவள். பித்தளை மூடி நின்ற பிறகும் ரீங்கரிக்கும், அவள் பேச்சை முடிக்கத் தெரியாதவள்.

பேசும்போதெல்லாம் பொருளை ஆட்டுவது புதிதாக வருகிற எல்லோரும் செய்யும் தவறு. ஒவ்வொரு சொல்லுக்கும் செம்பு ஒரு குதி குதிக்கும். இங்கிலாந்தின் ஃபோர்ஸ்ட் என்டர்டெயின்மென்ட் குழு ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்களை ஒரு மீட்டர் மேசை மேல் வீட்டுச் சாமான்களை வைத்தே சொன்னது. அதில் பொருள்கள் பெரும்பாலும் சும்மா நிற்கும். பேசுகிறவர் ஒன்றை நான்கு விரற்கடை நகர்த்துவார், அவ்வளவுதான். அசையாமல் நின்ற பொருள் அசையும்போதுதான் அந்த அசைவுக்கு மதிப்பு.

அசைவைவிட முக்கியம் பார்வை. இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர், முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டி. கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி அய்யராக ஒரு செம்பை வைத்திருந்தோம். ஆட்டம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். “ஏங்கண்ணு, அந்தச் செம்பு ஆரப் பாத்துப் பேசுது? மூஞ்சி எந்தப் பக்கமுன்னே தெரியலியே!”

“எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தானுங்க இருக்கும் அமுச்சி, செம்பாச்சே” என்றேன்.

“அப்பப் பொண்டாட்டியப் பாக்கறானா செவுத்தப் பாக்கறானான்னு நா எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

மறுநாள் செம்பை எடுத்துவிட்டுக் கிண்டி வைத்தோம். கேரளத்துப் பழைய வீடுகளில் கால் கழுவத் திண்ணையில் வைத்திருப்பார்களே, மூக்கு நீண்ட வெண்கலக் கிண்டி. அந்த மூக்கு எங்கே திரும்புகிறதோ அங்கே அய்யர் பார்க்கிறார். இரண்டு விரல் அளவு தாழ்த்தினால் கவலை. மனைவி பக்கமிருந்து மெதுவாகத் திருப்பினால் சந்தேகம். கமலாம்பாள் ஒரு சின்னத் தூக்குப்போசி. அதன் வளைந்த கைப்பிடியை விட்டுவிட்டால் தானாகச் சாய்ந்து பக்கவாட்டில் விழும், தோள் தொய்ந்தது போல. கிண்டி திரும்பிக்கொள்ளும், கைப்பிடி விழும். வசனமே தேவைப்படவில்லை.

இதோடு ஒட்டியது, ஆட்டுகிறவரின் கண். அவர் கிண்டியைப் பார்த்தால் பார்வையாளர்களும் கிண்டியைப் பார்ப்பார்கள். பார்வையாளர்களைப் பார்த்து அவர் முகபாவம் காட்டினால் கிண்டி வெறும் கிண்டியாகிவிடும். நடிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை விடுவது கஷ்டம். அப்புறம் மூச்சு. 2007இல் லண்டனில் ‘வார் ஹார்ஸ்’ நாவலை மேடையேற்றியபோது ஒரு குதிரைப் பொம்மையை மூன்று பேர் இயக்கினார்கள். அந்தக் குதிரை நிற்கும்போதும் மூச்சு விடும். பார்வையாளர்கள் அதை உயிருள்ளதாக நம்ப அது போதும். தூக்குப்போசியும் மூச்சு விடலாம்: பேசுவதற்கு முன் ஒரு நூலளவு எழும்பி இறங்கினால் சரி.

கதைசொல்லி ஒருவரை வைத்து எல்லாவற்றையும் வாயால் சொல்ல வைப்பதும் வேண்டாம். “கமலாம்பாள் திடுக்கிட்டாள்” என்று அவர் படித்து முடித்த பிறகு தூக்குப்போசி திடுக்கிட்டால், தந்தி வந்து சேர்ந்த பிறகு ஆள் வந்து செய்தி சொன்ன மாதிரி. எங்கள் பிரதியில் கண்ணால் பார்க்க முடிகிற வரிகளை எல்லாம் சிவப்பு மையால் அடித்தோம். மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் ஒரே வரிசையில் தமிழ் படித்தவரும் மலையாளம் படித்தவரும் உட்கார்ந்திருப்பார்கள். 1890களின் அந்த நடை இரண்டு பேருக்குமே கொஞ்சம் கரடுமுரடு. பேச்சே இல்லாத மூடிக் காட்சியில்தான் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தார்கள்.

மிஞ்சிய சொற்களில் பெரும்பகுதி தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையுடையது. அவர் ஒரு பழைய கறுப்புக் குடை, செய்யுள் வந்தால் படாரென்று விரிவார். கமலாம்பாளின் குழந்தை நடராஜன் ஒரு பாலாடை, கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் சின்னக் கிண்ணம். குழந்தை காணாமல் போகும் இடத்தில் கதைசொல்லி முதலில் ஒரு பத்தி அழுவார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. தூக்குப்போசியின் பக்கத்தில் பாலாடை இருந்த இடத்தில் ஒரு சொட்டுப் பால் மட்டும் இருக்கும்.

ஒரு பொருளுக்கு இரண்டு வேலை கொடுக்காதீர்கள். வம்பு பேசிய மூடியைப் பிறகு நிலாவாகத் தூக்கிப் பிடித்தோம். நிலா எப்போது பேச ஆரம்பிக்கும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

எங்கள் பகுதியில் மட்டும் வரும் ஒரு ஆசை உண்டு: தோல்பாவைக்கூத்தில் இருந்து கொஞ்சம் எடுத்து ஒட்டிக்கொள்வது. பாரதப்புழைக் கரையின் பத்ரகாளி கோயில்களில், கூத்துக்கென்றே கட்டிய கூத்துமாடத்தில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல்பாவைகளின் நிழலைத் திரையில் காட்டி, கம்பனின் பாட்டைப் புலவர்கள் பாடி ஆடும் கூத்து அது. மலையாள மண்ணில் கம்பன் இரவெல்லாம் ஒலிப்பதைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். நாங்களும் ஒரு திரை கட்டி, பின்னால் எல்இடி பல்பு வைத்து, அட்டையில் வெட்டிய நிழல் காட்டினோம். நிழல் அப்படியே உறைந்து நின்றது. அங்கே சுடர் ஆடுவதால் பாவை சும்மா இருக்கும்போதும் நிழலுக்கு உயிர் இருக்கிறது. அதுவுமில்லாமல், அது காளிக்காக ஆடும் வழிபாடு, நம் நாடகத்துக்கு ஓரத்தில் வைக்கும் அலங்காரம் அல்ல. எடுத்துக்கொள்ளலாம் என்றால் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஒரே ஆளுக்கு உட்கார்ந்த பாவை, நின்ற பாவை, நடக்கும் பாவை, சண்டையிடும் பாவை என்று தனித்தனியாக உண்டு. ஒரே பொம்மையை எல்லாம் செய்ய வைத்துக் கஷ்டப்பட வேண்டியதில்லை. எங்களிடமும் இப்போது குடை இரண்டு: ஒன்று மடங்கியே இருக்கும், ஒன்று விரியும்.

அளவு விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலாடை ஆறாவது வரிசைக்குத் தெரியாது. மேசையை உயர்த்துங்கள், 40 பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், கூட்டம் வந்தால் இரண்டு ஆட்டம் போடுங்கள்.

உரிமை விஷயத்தில் அசட்டை வேண்டாம். பழைய நாவல் என்பதாலேயே யாரும் எடுத்தாளலாம் என்று ஆகாது. நம் சட்டப்படி, எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. ராஜமய்யர் 1898இல் போய்ச் சேர்ந்தார், கவலையில்லை. புதுமைப்பித்தன், கல்கி எழுத்துகள் நாட்டுடைமை. கசாக் ஊருக்கு மூலமான தஸ்ராக் பாலக்காட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ‘கசாக்கின் இதிகாசம்’ என்ற மலையாள நாவலைப் போடலாமே என்று எங்களுக்கும் தோன்றியது. அதை எழுதிய ஓ.வி. விஜயன் 2005இல்தான் காலமானார், அதனால் 2065 முடியும்வரை அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தால் மொழிபெயர்ப்பாளரிடமும் தனியாகக் கேட்க வேண்டும்.

கடைசியாக, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. அந்தப் பித்தளை மூடி பாட்டியினுடையது. இரண்டு மாதம் எங்கள் பெட்டியிலேயே கிடந்ததில், அவர் குழம்புச் சட்டியைத் தட்டு போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது ஆட்டம் இருக்கிற அன்று மத்தியானம் போய் மூடியை வாங்கி வருகிறோம், ராத்திரி சோற்றுக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறோம். போன தடவை புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது, சத்தம் மட்டும் பழைய மாதிரியே இருந்தது.