ஏற்காடு ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க

நானும் தங்கச்சியும் ஒன்றாகவே கார் பழகி லைசென்ஸ் வாங்கினோம். சேலம் டவுனுக்குள் சிக்கலே இல்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில்தான் திண்டாட்டம். நின்று கிளம்பினால் வண்டி பின்னால் உருளும், இல்லையென்றால் ஆஃப் ஆகும்.

ஹேண்ட் பிரேக்தான் கைகொடுத்தது. அதை இழுத்துவிட்டு, முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து, கிளட்சை மெல்ல விடவேண்டும். எஞ்சின் சத்தம் கம்மும், பானெட் ஒரு விரற்கடை எழும்பும். அந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கை இறக்கணும். பதற்றத்தில் ஓட்டுகிறவருக்கு அது பிடிபடாது. பக்கத்திலிருந்து "இப்ப விடுண்ணா" என்பாள் தங்கச்சி. அவள் ஓட்டும்போது நான் சொல்வேன். அப்படித்தான் இருவர் காலுக்கும் பழகியது.

முதலில் சரிவான காலித் தெருவில் பழகுங்கள். மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்கும்போது வழிவிடுங்கள்.