புதிய ஈஆர்பி மென்பொருளுக்குத் தரவை மாற்றுதல்: முதல்முறை திட்டமிடுபவர்களுக்கான வழிகாட்டி

விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் புதிய ஈஆர்பி (ERP) மென்பொருளை நிறுவனம் வாங்கிவிட்டது. பழைய கணக்குகளை அதற்குள் கொண்டுபோகும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. "அங்கிருந்து எடுத்து இங்கே போட்டால் முடிந்தது" என்று யாராவது சொல்வார்கள். எடுத்துப் போடுவது உண்மையிலேயே சில மணி நேர வேலைதான். எதை எடுப்பது, போட்டது சரிதான் என்று யார் ஒப்புக்கொள்வது என்ற இரண்டு கேள்விகளில்தான் காலம் கரையும்.

படி 1: எங்கே என்ன இருக்கிறது

பழைய மென்பொருளைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். உண்மையான தள்ளுபடி விகிதங்கள் விற்பனைப் பிரிவில் ஒருவருடைய எக்ஸெல் கோப்பில் ஒளிந்திருக்கலாம். ஒவ்வொரு பிரிவிலும் "மென்பொருளில் சேர்க்காமல் தனியாக எழுதி வைத்திருப்பது என்ன?" என்று கேளுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பொறுப்பாளரைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். பெயர் சற்றே மாறியிருக்கும் இரண்டு வாடிக்கையாளர் பதிவுகளும் ஒருவருடையவையா என்பதைக் கணினிப் பிரிவு எப்படிச் சொல்ல முடியும்?

படி 2: எதை விட்டுவிடுவது

தரவு மூன்று வகைப்படும். வாடிக்கையாளர், சப்ளையர், பொருள் போன்ற அடிப்படைப் பட்டியல்கள். இன்னும் முடியாத ஆர்டர்கள், வசூலாகாத பில்கள். முடிந்துபோன பழைய பரிவர்த்தனைகள்.

முதல் வகையில் இன்றும் புழக்கத்தில் இருப்பவை மட்டும் போகட்டும். இரண்டாவது வகை முழுவதும் போக வேண்டும். மூன்றாவது வகையைப் பழைய இடத்திலேயே, பார்க்க மட்டும் முடிகிறபடி வைத்துவிடுவது பெரும்பாலான நிறுவனங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. பத்து ஆண்டு வரலாறும் வேண்டும் என்று கேட்பவரிடம், கடைசியாக எப்போது அதைத் திறந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஆனால் ஆவணங்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

இரட்டைப் பதிவுகளை நீக்குவது போன்ற சுத்தம் செய்யும் வேலையைப் பழைய மென்பொருளிலேயே இப்போதே தொடங்கலாம். அதற்குப் புதியது தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

படி 3: பொருத்த அட்டவணை

திட்டத்தின் உயிர் இந்த அட்டவணைதான். புதிய மென்பொருளில் இருக்கும் ஒவ்வொரு புலத்துக்கும் (பெயர், தொலைபேசி எண் என ஒரு தகவலை நிரப்பும் கட்டம்) ஒரு வரி எழுதுங்கள்: அது கட்டாயமா, எத்தனை எழுத்து கொள்ளும், பழையதில் எங்கிருந்து வரும், வழியில் என்ன மாற்றம் தேவை, அதை முடிவு செய்தவர் யார். பழைய மென்பொருளிலிருந்து தொடங்கினால், புதியது கட்டாயமாகக் கேட்கும் ஆனால் உங்களிடம் இல்லவே இல்லாத தகவல்கள் கண்ணில் படாமல் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பழையதில் சரக்கிருப்பு பெட்டிக் கணக்கில் இருக்கிறது, புதியது தனிப் பொருளாக எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்கு 12 என்ற மாற்றத்தை எழுத மறந்தால் 40 பெட்டிகள் 40 பொருள்களாக உள்ளே போய்விடும். எச்சரிக்கைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் 40 என்பதும் செல்லுபடியாகும் எண்தான்.

பழைய அடையாள எண்ணை ஒரு தனிப் புலத்தில் கூடவே கொண்டுபோங்கள். பின்னால் சந்தேகம் எழும்போது இரு பக்கத்தையும் இணைக்கும் நூல் அதுதான்.

இடையில் எக்ஸெல் வழியாகப் போவதானால் கவனம் தேவை. 00457 என்ற குறியீடு 457 ஆகிவிடும். 15 இலக்கங்களைத் தாண்டிய எண்ணின் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது. 03/04 என்பது ஏப்ரலா மார்ச்சா என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. குறியீடுகளை உரையாகவே இறக்குங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள். தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

படி 4: ஒத்திகை

குறைந்தது இரண்டு முறை, முழுத் தரவையும் வைத்து. நூறு வரி மாதிரியில் எல்லாமே அழகாக ஓடும். வரிசையும் முக்கியம்: அளவு அலகுகள், கணக்குத் தலைப்புகள், பிறகு வாடிக்கையாளரும் பொருள்களும், கடைசியில் ஆர்டர்களும் பாக்கிகளும். பிழை வந்தால் புதியதில் கையால் திருத்தாதீர்கள். மூலத் தரவிலோ பொருத்த அட்டவணையில் எழுதிய மாற்ற விதியிலோ திருத்தி மறுபடி ஏற்றுங்கள். கையால் செய்த திருத்தம் அடுத்த ஏற்றத்தில் காணாமல் போய்விடும். ஒத்திகைச் சூழலில் இருப்பதும் உண்மையான வாடிக்கையாளர்களின் தகவல்தான் என்பதால், யார் உள்ளே நுழையலாம் என்பதைக் கட்டுப்படுத்துங்கள்.

படி 5: ஒத்துப்பார்த்தல்

எண்ணிக்கை, தொகை, தனிப் பதிவு என்று மூன்று நிலையில் பாருங்கள். மொத்தத் தொகை ஒத்துப்போனாலும் இரண்டு வாடிக்கையாளரின் பாக்கி இடம் மாறியிருக்கலாம், ஆகவே சில பதிவுகளையாவது திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வசூலாகாத பில்களை ஒவ்வொன்றாக ஏற்றும்போதே பேரேட்டில் (எல்லாக் கணக்குகளும் அடங்கிய முதன்மைப் புத்தகம்) "வரவேண்டிய பாக்கி" கணக்கு ஏறிவிடும். அதன் பிறகு இருப்பாய்விலிருந்து (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) அதே கணக்கின் தொடக்க இருப்பையும் ஏற்றினால் பாக்கி இரட்டிப்பாகும். இதற்காக "தரவு மாற்றம்" என்று ஓர் இடைக்கணக்கைத் திறப்பார்கள். பில்களின் எதிர்ப்பதிவும் (ஒவ்வொரு பதிவோடும் மறுபக்கத்தில் விழும் இணைப்பதிவு), பாக்கி கணக்குக்குப் பதிலாக வரும் தொடக்க இருப்பும் அதில் போய் விழும். எல்லாம் முடிந்தபின் அந்தக் கணக்கின் இருப்பு பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஏதோ விடுபட்டிருக்கிறது. மாறும் நாளைத் தள்ளிவையுங்கள். பூச்சியம் வந்தபின் கணக்குப் பிரிவின் பொறுப்பாளர் கையெழுத்திடட்டும்.

படி 6: மாறும் நாள்

மாதக் கடைசி பொதுவாக வசதி. எத்தனை மணிக்குப் பழையதில் பதிவு நிற்கும், எத்தனை மணிக்குள் தொகை ஒத்துப்போகாவிட்டால் பின்வாங்குவோம், அதை முடிவு செய்பவர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது, தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. அதைத் தாங்க வேண்டிய தளம் தடுமாறியது. பல லட்சம் பேர் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. ஒத்திகையில் ஏற்றத்தோடு நிற்காமல், எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் மென்பொருள் தாங்குமா என்பதையும் சோதியுங்கள்.

மாறிய மறுநாளே பழைய மென்பொருளில் எழுதும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடுங்கள். சுற்றறிக்கை அனுப்பினால் போதாது. அவசரத்தில் யாராவது ஒரு பில்லை அங்கேயே போட்டுவிடுவார்கள்.