மலையிலிருந்து இறங்கும் பழைய மரச்சாமான்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களா ஒன்று கைமாறும்போது, அங்கிருந்த கட்டில், பீரோ, பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி போன்றவை லாரியேறி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்தில் விலைக்கு வருவதுண்டு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பொருளின் முகத்தை அன்று. அதன் முதுகையும் அடிப்பாகத்தையும்தான், ஏனெனில் பாலிஷ் போடுபவரின் கை பெரும்பாலும் முன்பக்கத்தோடு நின்றுவிடும்.

டிராயரை முழுவதுமாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையில் புறாவின் வால்போல் விரிந்த பற்கள் கோத்திருந்து, அவற்றின் அகலம் ஒன்றுக்கொன்று சற்றே மாறுபட்டு, ஆசாரி கீறிய குறிக்கோடும் தெரிந்தால் அது கைவேலை. கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே நூற்றைம்பது ஆண்டுப் பழமை பேசப்படும் பீரோவில் அது இருந்தால், பின்னாளில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பழுது பார்த்தது குற்றமன்று, ஆனால் விலையில் அதைக் கழிக்க வேண்டும். வட்ட மேசையாயின் டேப்பால் இரு திசையிலும் அளந்து பாருங்கள்: மரம் நார் ஓடும் திசையில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கில்தான் சுருங்கும் என்பதால், பழைய மேசை குறுக்கில் சிறிது குறைந்து, கண்ணுக்குத் தெரியாத முட்டை வடிவம் கொண்டிருக்கும்.

மரத்தின் பெயரை விற்பவர் வாயிலிருந்து ஏற்கக் கூடாது என்பதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்று நம்பி வாங்கிய அலமாரியை வீட்டில் இரண்டு பேரே எளிதாகத் தூக்கியபோதுதான் ஐயம் எழுந்தது. கன அடிக்கு ஈட்டி ஏறத்தாழ 24 கிலோ, தேக்கு 18 கிலோ இருக்கும். அடிப்பலகையைச் சுரண்டியதும் கருஞ்சாயத்தின் கீழே வெளிறிய மரமும், அதில் செதில் செதிலாகப் பளபளக்கும் வரிகளும் தெரிந்தன. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் அது. அதுவும் உழைக்கும் மரந்தான்; ஈட்டியின் விலை கொடுத்ததே தவறு.

துளைகளைக் கண்டதும் அஞ்சி ஓட வேண்டியதில்லை. மரத்தைத் துளைக்கும் வண்டு பெரும்பாலும் வெள்ளை மரத்தை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியைத்தான் தின்னும். வைரம் பாய்ந்த தேக்கை அவ்வளவாகத் தொடாது. துளைகளிலிருந்து உதிர்ந்த பழைய மரமாவைத் தட்டித் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து, இரண்டு நாள் கழித்து வந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தாளில் புதிய மாவு உதிர்ந்திருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டு நாளைத் தர மறுப்பவரிடம் நான் வாங்குவதில்லை.

மலைச் சாமானுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஈரப்பதத்தில் பல்லாண்டு இருந்து பழகிய மரம், ஏப்ரலில் 38 டிகிரியைத் தாண்டும் சேலத்து வெயிலுக்கு வந்ததும் சுருங்கி, இணைப்புகள் தளரும். கதவுப் பலகை சட்டத்தின் காடியில் (பள்ளத்தில்) தளர்வாக நிற்பதே சரியான வேலை; யாரேனும் அதை ஆணியடித்தோ பசை பூசியோ இறுக்கியிருந்தால், சுருங்க இடமின்றிப் பலகை வெடிக்கும். எனவே வாங்கும்போதே பலகையை விரலால் லேசாக அசைத்துப் பார்க்க வேண்டும்.

கூடுமானவரை மழைக்காலத்தில் கீழே இறக்கி, மின்விசிறிக்கும் மேற்குச் சன்னலுக்கும் தள்ளி வையுங்கள். பாலிஷ் எது என்றறிய மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ், அதைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுப்பிக்கலாம். எதுவாயினும் ஒரு கோடை கழிந்து, மரம் சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பிறகே ஆசாரியை அழைத்து, தளர்ந்த இணைப்புகளைக் கழற்றிப் பசையிடச் சொல்லுங்கள்.