தேள் மீன் வளர்ப்பு: தீனியில் தொடங்கும் தவறுகள்

விஷமுள் கொண்ட கடல் மீனான தேள் மீன், வீட்டுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாவது குறைவு. அளவுக்கு மீறித் தின்று, அல்லது தின்னக்கூடாததையே மாதக்கணக்கில் தின்று சாவதுதான் அதிகம். லயன் மீன், இலைத் தேள் மீன், கல்லோடு கல்லாகக் கிடக்கும் ஸ்கார்பீனாப்சிஸ் வகைகள் எல்லாம் ஒரே குடும்பம். எல்லாமே பதுங்கிக் கிடந்து இரை பிடிப்பவை. கடலில் அடுத்த இரை எப்போது எதிரே வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கிடைத்ததை விடாமல் விழுங்குவதற்கென்றே இவற்றின் உடல் அமைந்திருக்கிறது. லயன் மீனின் இரைப்பை, வெறும் வயிற்றில் இருக்கும் கொள்ளளவைப்போல் 30 மடங்கு வரை விரியும். போதும் என்று மீன் நிறுத்தாது. போடுகிறவர்தான் நிறுத்த வேண்டும்.

கப்பி, கோல்டு ஃபிஷ் வளர்த்துப் பழகியவர்களுக்குக் காலையும் மாலையும் தீனி போடுவது கைப்பழக்கமாகியிருக்கும். தேள் மீன் தொட்டிக்கு வந்ததும் முதலில் விட வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான். ஏழெட்டு செ.மீ. நீளமுள்ள குட்டிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், சின்னச் சின்னத் துண்டாக இரண்டு மூன்று போதும். 12 முதல் 15 செ.மீ. வளர்ந்த குட்டை லயன் மீனுக்கு வாரம் மூன்று முறை. 20 செ.மீ. தாண்டியவற்றுக்கு வாரம் இரண்டு. ஆள் அருகே போனதும் கண்ணாடியோரம் வந்து துடுப்பை விரித்து நிற்கும். பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். அது பசி அல்ல, பழக்கம். ஒவ்வொரு முறையும் இரங்கிப் போட்டால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும். வெளியே மீன் கொழுகொழுவென்று அழகாகத் தெரியும், உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் திடீரென்று தின்பதை நிறுத்திய பிறகுதான் சிக்கல் வெளியே வரும். அப்போது செய்வதற்கு அதிகம் இல்லை.

துண்டின் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: மீனின் இரண்டு கண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிடத் துண்டு பெரிதாக இருக்கக்கூடாது. வாய் பெரிது என்பதற்காக முழு மீனைத் தூக்கிப் போட்டால் அதையும் விழுங்கும். வயிற்றுக்குள் மெல்லச் செரிக்கும்போது நடுப்பகுதி அழுகி வாயு சேரும். மீன் தலைகீழாக மிதக்கும், அல்லது ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாதி செரித்த தசையைக் கக்கும். கக்கியதை உடனே சைஃபன் குழாயால் எடுத்துவிடுங்கள். இரவு முழுக்கக் கிடந்தால் காலையில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறியிருக்கும்.

கோல்டு ஃபிஷ் தீனி

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் குட்டிக் கோல்டு ஃபிஷ்ஷை வாங்கி உயிரோடு விடுவது பரவலான தவறு, கெடுதலும் அதிகம். மீன் பாய்ந்து விழுங்குவதைப் பார்க்க வேடிக்கையாக இருப்பதால் நிறுத்தவும் மனம் வராது. இதில் மூன்று கேடுகள் சேர்ந்து வருகின்றன. கடல் மீனுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகள் நன்னீர்க் கோல்டு ஃபிஷ்ஷில் போதாது. தேவையில்லாத கொழுப்பு மிகுதி. அடுத்தது, அதன் உடலில் தயமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐ உடைத்துவிடும். மூன்றாவது, நெருக்கிப் போட்டு வைத்திருக்கும் தொட்டியிலிருந்து வரும் மீன் என்பதால் நோயும் கூடவே வரலாம்.

பி1 குறைபாடு ஒரே நாளில் தெரியாது. மாதங்கள் ஆகும். முதலில் குறி தப்பும்: இரை ஒருபுறம் இருக்க மீன் அதன் பக்கத்தில் பாயும். பிறகு பசி குறையும், உடல் சாயும், காரணமில்லாமல் தொட்டிக்குள் முட்டி மோதி ஓடும். பலர் இதைப் பார்வைக் கோளாறு என்று நினைத்து ஏதேதோ மருந்து ஊற்றுகிறார்கள்.

தயமினேஸ் கோல்டு ஃபிஷ்ஷில் மட்டும் இல்லை. நெத்திலி வகைகளிலும், சில சிப்பிகளிலும், சில இறால்களிலும் உண்டு. ஐஸ் பெட்டியில் வைத்தால் அது அழியாது. உறைந்த நிலையிலும் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரே தீனியை ஆண்டுமுழுக்கப் போடாதீர்கள். இறால், கணவாய், வெள்ளைத் தசையுள்ள கடல் மீன், சின்ன நண்டுத் தசை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். நெத்திலி எப்போதாவது ஒரு முறை போதும்.

சந்தையில் வாங்கும் இறாலே நல்ல தீனிதான், ஆனால் மீனுக்கான பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். நம் சமையலறையில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவிய பிறகு எடுத்தால் பயனில்லை. வேகவைத்ததும் வேண்டாம். தலையை நீக்கி, ஓட்டோடு சிறு துண்டாக நறுக்கி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி உறைய வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம். கொழுப்பு காறிப்போகும், வைட்டமினும் போய்விடும். போடுகிற அன்று ஒரு பொட்டலத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, வடியும் நீரைக் கொட்டிவிடுங்கள். அந்தக் கலங்கல் நீர் தொட்டிக்குள் போனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான் ஏறும். பிறகு வைட்டமின் சொட்டில் கால் மணி நேரம் ஊறவிட்டுக் கொடுக்கலாம். மீன் தின்னும் விலங்குகளுக்குக் காட்சிசாலைகளில் கிலோ தீனிக்கு 25 முதல் 30 மில்லிகிராம் தயமின், அதாவது வைட்டமின் பி1, சேர்ப்பது வழக்கம். அந்தக் கணக்கில் 100 கிராமுக்கு 3 மில்லிகிராம், அதாவது 100 மி.கி. மாத்திரையைப் பொடித்தால் ஒரு சின்னச் சிட்டிகை. உறைய வைக்கும்போதே கலந்து வைத்தால் அந்த நொதி அதையும் தின்றுவிடும். போடுவதற்குச் சற்று முன்னால் தூவுங்கள்.

உயிர் இரையிலிருந்து மாற்றுவது

புதிதாக வந்த தேள் மீன் அசையாததைத் தீனியாகவே மதிக்காது. செத்த இறால் மூக்குக்கு முன்னால் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து கோல்டு ஃபிஷ்ஷுக்குத் திரும்புகிறார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் விளக்கைக் குறைத்து, தீனி எதுவும் போடாமல் விடுங்கள். பிறகு உயிருள்ள சின்ன உப்பங்கழி இறால், அல்லது ஒரு நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாகக் கடல்நீருக்குப் பழக்கிய மாலி மீன் குஞ்சு. அவற்றுக்கு முந்தின நாளே நல்ல தீனி போட்டு வயிறு நிறைத்து வைத்திருந்தால் அந்தச் சத்தும் தேள் மீனுக்குப் போய்ச் சேரும். இரண்டு மூன்று வேளை அப்படித் தின்ற பிறகு, அதே அளவுள்ள செத்த இறாலை நீளமான அக்ரிலிக் குச்சியின் நுனியில் லேசாகச் செருகிக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே நீட்டினால் மிரண்டு பின்வாங்கும். 10, 15 செ.மீ. தள்ளி, பக்கவாட்டில், ஓரிரு துடிப்பு, பிறகு சற்று நிறுத்தம், மறுபடி ஒரு துடிப்பு. உயிர் இறால் அப்படித்தான் நகரும். மீனின் கண் குச்சியைத் தொடர்ந்து திரும்பினால் நல்ல அறிகுறி. இரண்டு மூன்று நிமிடத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்து முயலுங்கள். உடம்பு தேறிய மீன் ஒரு வாரம் தின்னாமல் இருந்தால் பதற வேண்டியதில்லை. முதுகுத் தசை ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரியும் மீனுக்கு இந்தப் பட்டினிப் பயிற்சி ஆகாது; அதற்கு உயிர் இரையையே கொடுத்து முதலில் தேற்றுங்கள்.

குச்சி மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ இருக்கலாம், நுனி மழுங்கியிருக்க வேண்டும். இரும்புக் கம்பியில் குத்திக் கொடுத்தால், பாய்ந்து கவ்வும் வேகத்தில் தாடை கிழியும். தாடை திறந்தபடியே நின்றுபோன மீன் இரையை உறிஞ்ச முடியாமல் திணறும். ஆனால் நாளில் சில முறை வாயை அகலத் திறந்து கொட்டாவிபோல் விட்டு மூடினால் அது நோய் அல்ல, இந்த மீன்களின் வழக்கம்.

இலைத் தேள் மீனை முதல் மீனாக வாங்காதீர்கள். 10 செ.மீ.க்குள் இருக்கும், சின்னத் தொட்டி போதும் என்று ஆசை காட்டும். ஆனால் அவற்றில் பல கடைசிவரை உயிர் இரையை விட்டு மாறுவதில்லை. புதியவர்களுக்குக் குட்டை லயன் மீன்தான் ஏற்றது. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் குச்சிக்குப் பழகிவிடும்.

தொட்டியும் தண்ணீரும்

கடையில் விரல் நீளத்தில் இருக்கும் சாதாரண லயன் மீன் 35 செ.மீ.க்குமேல் வளரும். அதற்கு 450 லிட்டருக்குக் குறைந்த தொட்டி சரிப்படாது. குட்டை வகைக்கு 120 முதல் 150 லிட்டர். மீன் அசையாமல் கிடக்கிறதே, எதற்கு இவ்வளவு இடம் என்ற கேள்வி வரும். இடம் நீந்துவதற்கு மட்டுமல்ல, கழிவு கரைவதற்கும்தான். வாரம் இரண்டே முறை தின்றாலும் அது முழுக்க முழுக்கப் புரதம். மறுநாள் அம்மோனியா எகிறும். தொட்டி கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கு மதிப்பிட்ட புரோட்டீன் ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி நீக்கும் கருவி) வையுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை வளரவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகே மீனை விடுங்கள். உப்பு அடர்த்தி 1.023 முதல் 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி, பி.எச். 8.1 முதல் 8.4. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 15 முதல் 20 விழுக்காடு தண்ணீர் மாற்றம்.

சித்திரை வெயிலில் சென்னை, மதுரை வீடுகளில் தொட்டி 31 டிகிரியை எளிதாகத் தொடும். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். வயிறு நிறைந்த மீனுக்கோ ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுசேரும் இரவில் மின்சாரமும் போனால் மீன் தப்பாது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்க முடியாவிட்டால் நீர்ப்பரப்பின்மேல் காற்றாடி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும். பேட்டரி ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும். வெயில் உச்சமாக உள்ள வாரங்களில் தீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஆவியாகிக் குறையும் நீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்ற வேண்டும். உப்பு நீரையே ஊற்றிக்கொண்டு போனால் சில வாரத்தில் அடர்த்தி ஏறிவிடும்.

அலங்காரத்துக்கு இயற்கைப் பவளத்தை வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. பீங்கான் பாறை, செயற்கைப் பாறை போதும். பதுங்க நிழல் கிடைத்தால் மீனுக்கு எல்லாம் ஒன்றுதான்.

கூட விடும் மீன்களைப் பற்றி: வாய்க்குள் போகும் அளவில் இருப்பது எதுவும் மிஞ்சாது, கோமாளி மீன், டாம்சல், துப்புரவு இறால் உட்பட. டிரிகர், பஃபர் வகைகள் தேள் மீனின் துடுப்பைக் கடித்துக் குதறும். வளர்ந்த டேங் மீன் (சர்ஜன் மீன்) அல்லது முயல் மீன் ஒத்துவரும். முயல் மீனின் முள்ளிலும் விஷம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

சில வாரத்துக்கு ஒரு முறை தேள் மீனின் மேல் மெல்லிய வெண்படலம் படர்ந்து, கண்கூட மங்கியதுபோல் தெரியும். பூஞ்சை என்று நினைத்து மருந்தை எடுக்காதீர்கள். பாசி படியாமலிருக்க மேல்தோலின் படலத்தை உதிர்க்கிறது. தலையை ஆட்டி, நீரோட்டத்தில் நின்று, ஓரிரு நாளில் கழற்றிவிடும். அந்த நாள்களில் தின்னாது. மூன்று நாளுக்குமேல் படலம் ஒட்டியே இருந்தாலோ, மூச்சு வேகமாக இருந்தாலோதான் தண்ணீரைச் சோதிக்க வேண்டும்.

கை

லயன் மீனின் முதுகில் 13 விஷ முட்கள். வயிற்றுத் துடுப்பில் இரண்டு, மலத்துடுப்பில் மூன்று. விசிறிபோல் விரியும் பக்கத் துடுப்பில் விஷம் இல்லை. குத்து படுவது பெரும்பாலும் மீன் தாக்குவதால் அல்ல. பாசி துடைக்கக் கையை விட்டவர் மீன் எங்கே என்று பார்க்காமல் பாறைக்குப் பின்னால் துழாவுவதால்தான். தீனி போட்டுப் பழகிய மீனாக இருந்தால் கையைக் கண்டதும் அதுவே நெருங்கி வரும், அது இன்னும் ஆபத்து. ஆகவே வேலை செய்யும்போது ஒருவர் மீனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது துளையிட்ட அக்ரிலிக் தட்டை நடுவில் இறக்கித் தடுக்க வேண்டும். வலையால் பிடிக்காதீர்கள், முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவை நீருக்குள் சாய்த்து அதற்குள் ஓட்டிவிடுங்கள்.

குத்திவிட்டால், 42 முதல் 45 டிகிரி வெந்நீரில் அந்த இடத்தை 30 முதல் 90 நிமிடம் மூழ்க வையுங்கள். இந்த விஷம் புரதம்; சூட்டில் சிதையும். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, தோல் வெந்துவிடும். மற்ற கையால் தொட்டுப் பாருங்கள், வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. ஐஸ் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், பரவும் வீக்கம் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் டெட்டனஸ் ஊசிக்காகவும், உடைந்த முள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கவும் மருத்துவரிடம் போவது நல்லது.

வாங்கும்போதே ஒன்றைச் சரிபாருங்கள்: வாய் நேராக மேல்நோக்கித் திறந்து, கண்கள் தலைமேல் மேட்டில் உட்கார்ந்து, செதிலே இல்லாமல் உடம்பெல்லாம் மருவாக இருந்தால் அது தேள் மீன் என்ற பெயரில் வந்த கல்மீன். அதன் குத்து உயிரையே வாங்கலாம். அதற்குரிய மாற்று மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது. பாம்புக்கடி மருந்து இதற்கு வேலை செய்யாது. வீட்டில் வைக்கும் மீன் அல்ல அது.

வளர்க்க முடியாமல் போனால் கடலில் விடாதீர்கள். நம் கடல் இனமே என்றாலும் தொட்டியின் நோய் அதனோடு போகும். புளோரிடாவுக்கு அப்பால் 1985-இல் முதலில் பதிவான லயன் மீன், வளர்ப்பவர்கள் விட்டதிலிருந்து பெருகியதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் பவளப் பகுதிகளின் சிறு மீன்களை அது வாரித் தின்கிறது. வாங்கிய கடையில் திருப்பித் தர முடியுமா என்று வாங்கும் நாளிலேயே கேட்டு வையுங்கள். மீன் செத்துப் போனாலும் முள்ளின் விஷம் உடனே போகாது, உறைய வைத்தாலும் இருக்கும். இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டேப் ஒட்டி, மேலே விஷமுள் என்று எழுதிய பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். வெறும் பையில் கட்டினால், அள்ளுபவரின் கையில் குத்தும்.