திருகோணமலையிலிருந்து 33ஆவது ஒழுங்கைக்கு: தனியே ஒரு நாட்பயணம்

விடுமுறைக்கு வந்து திருகோணமலையில் தங்கியிருப்போர் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை என்ற வழக்கமான சுற்றை மூன்று நாளில் முடித்துவிடுவர். அதன்பின் ஒரு நாள் மிஞ்சினால், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா கொழும்பில் 33ஆவது ஒழுங்கையில் தமக்கென அமைத்துக்கொண்ட வீட்டைத் தனியே சென்று பார்த்து வருவது நல்லது. தனியே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் அவ்வீட்டைப் பேசிக்கொண்டு பார்க்க முடியாது.

மாலையில் திருகோணமலையிலிருந்து புறப்படும் இரவுப் புகையிரதம் கல்லோயா, மாகோ வழியாக விடியுமுன் கொழும்புக் கோட்டையை அடையும். போகவும் வரவும் இருக்கைகளை முன்கூட்டியே பதிவுசெய்து, சேவை நடைபெறுகிறதா என்பதை முதல் நாள் நிலையத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கோட்டையிலிருந்து கரையோரப் புகையிரதத்தில் வெள்ளவத்தைக்குச் சென்றால் சைவக் கடையில் காலை உணவை முடிக்கலாம். அங்கே உறவினர் இருந்தால் குளித்து உடை மாற்றவும் வசதி. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கச் சொல்வார்கள், அதற்கு இணங்கினால் வீடு பார்த்தபாடில்லை.

முன்பதிவின்றிச் சென்று வாசலில் நிற்க வேண்டாம். வழிகாட்டியுடன் குறித்த நேரங்களில் மட்டுமே பார்வையிடலாம். கட்டணத்தையும் படமெடுக்கும் விதியையும் பதிவுசெய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முச்சக்கர வண்டிக்காரரிடம் ஒழுங்கையின் இலக்கத்தை மட்டும் சொல்லாமல், கொள்ளுப்பிட்டிப் பக்கத்துப் பகத்தலை வீதி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

முதலில் சட்டம் பயின்று, 1957இல் தமது 38ஆவது வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றவர் பாவா. அடுத்த ஆண்டு, முட்டுச்சந்தில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் குடியேறி, 1968க்குள் நான்கையும் தமதாக்கி ஒரே வீடாக இணைத்தார். தெருவோரம் இருந்ததை இடித்துவிட்டு அவ்விடத்தில் கோபுரம்போல் மாடிகளை உயர்த்தினார். வாகனத் தரிப்பிடத்தில் 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் நிற்கிறது. பெரும்பாலானோர் அதன் முன்னால் நேரத்தைச் செலவழித்துவிடுகிறார்கள். அதைக் கடந்து, வெள்ளைத் தரையிட்ட நீண்ட நடையில் நில்லுங்கள். சற்று இருள், பின் மேலிருந்து கொட்டும் ஒளி, ஒரு செடி, மறுபடியும் இருள் என்று அது உள்ளே இழுத்துச் செல்லும். அங்குள்ள செட்டிநாட்டு மரத்தூண்களைக் கண்டதும், நாற்சார் வீட்டின் நடுமுற்றத்தில் மழை விழப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவ்வீடு அந்நியமாகப் படாது. ஊரில் அந்த முற்றங்களைத் தகரம் போட்டு மூடியவர்கள் நாமே என்பதும் நினைவுக்கு வரும். ஓவியர் டொனால்ட் பிரெண்ட் வண்ணம் தீட்டிய கதவுகளையும் தவறவிடாதீர்கள். பாவாவின் நிறுவனத்தில் பங்காளியாக இருந்து அவரது கட்டடங்களின் பொறியியலைத் தாங்கியவர் கலாநிதி பூலோகசுந்தரம். அவரைப் பற்றியும் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

சுற்றிப் பார்க்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் போதும். பாவாவின் பழைய அலுவலகம் இன்று அல்பிரட் ஹவுஸ் வீதியில் உணவகமாக இயங்குகிறது. விலை சற்று அதிகம், எனினும் ஒரு தேநீருக்காவது அதன் முற்றத்தில் அமரலாம். மாலை நெரிசலில் காலி வீதி நகராது. ஆகவே கோட்டைக்குத் திரும்பவும் கரையோரப் புகையிரதத்தையே பிடியுங்கள்.