மதிய மாத்திரை ஏன் கேட்பதில்லை?

"காலையில போட்ட மாத்திரை நல்லா கேட்டுச்சு, மதியம் போட்டது கேக்கவே இல்ல." பார்க்கின்சன் நோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு எழும். அதே மாத்திரை, அதே அளவு. அப்படியானால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன், எதோடு சேர்த்துப் போட்டார்கள் என்று பாருங்கள்.

மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் இறுக ஒட்டியிருக்கும். ரத்தத்தில் இருப்பதெல்லாம் உள்ளே போய்விட முடியாது. பார்க்கின்சனில் குறைவது டோபமின், உடல் அசைவைச் சீராக நடத்தும் மூளை ரசாயனம். அதை அப்படியே கொடுத்தால் இந்தச் சுவரைத் தாண்டாது. அதனால்தான் மாத்திரையில் லெவோடோபா என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். அமினோ அமிலங்களை ஏற்றிச்செல்லும் ஒரு கடத்திப் புரதம் அதையும் உள்ளே கொண்டுபோகும். மூளையில் அது டோபமினாக மாறும். அதே மாத்திரையில் கூடவே இருக்கும் கார்பிடோபா என்ற மருந்து சுவரைத் தாண்டாது. லெவோடோபா வழியிலேயே டோபமினாக மாறி வீணாகாமல் காப்பதுதான் அதன் வேலை.

பருப்பு, முட்டை, மீன், பால் இவற்றில் உள்ள புரதமெல்லாம் செரித்து அமினோ அமிலங்களாகத்தான் ரத்தத்தில் கலக்கின்றன. அவையும் அதே கடத்தியைத்தான் பிடிக்க வேண்டும். ஒரே படகுக்குக் கூட்டம் முண்டினால் லெவோடோபா கரையிலேயே நின்றுவிடும். குடல் சுவரிலும் இதே நெரிசல்தான். ஆகவே பலருக்கும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரையைப் போடச் சொல்கிறார்கள். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும், ஒரு டம்ளர் பால் வேண்டாம்.

இதைக் கேட்டுவிட்டுப் புரதத்தையே நிறுத்துகிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் அதிகக் கவலை. இந்த நோயில் ஏற்கெனவே எடை குறையும், தசை கரையும். புரதத்தின் பெரும்பகுதியை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், தட்டிலிருந்தே எடுத்துவிடாதீர்கள்.

இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டும் குடலிலேயே பிணைந்துகொள்ளும்.

குமட்டலுக்குக் கடையில் கேட்டு வாங்குவது இன்னொரு ஆபத்து. மெட்டோகுளோப்ரமைடு மூளைக்குள் நுழைந்து டோபமின் ஒட்டி வேலை செய்யும் இடங்களான ஏற்பிகளை அடைக்கும். நடுக்கமும் விறைப்பும் கூடும். டோம்பெரிடோன் பெரும்பாலும் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் அது இதயத் துடிப்பின் சீரைக் கெடுக்கக்கூடும். இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மாத்திரை கேட்கவில்லை என்று நீங்களாகவே இன்னொன்று போடாதீர்கள். கை கால் தானாக முறுக்கி ஆடத் தொடங்கலாம். திடீரென நிறுத்துவது அதைவிட மோசம். கடும் விறைப்பும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தாலும், மாத்திரை பெயரையும் போடும் நேரத்தையும் எழுதிய சீட்டை முதல் நாளே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.