கடுவன் பண்டியின்ர மொச்சை மணத்தை ரத்தத்தில பாக்கிறது எப்பிடி

கடுவன் இறைச்சி சட்டியில கொதிக்கேக்க வாற மொச்சை மணத்துக்கு ரெண்டு சாமான்தான் முக்கிய காரணம், ஒண்டு விதையில சுரக்கிற அண்ட்ரோஸ்டினோன், மற்றது குடலுக்குள்ள பக்டீரியா புரதத்தில இருக்கிற ட்ரிப்டோபனை உடைக்கேக்க வாற ஸ்கட்டோல். அண்ட்ரோஸ்டினோன் சிலபேற்ற மூக்குக்குப் பிடிபடவே மாட்டுது, ஒராள் நல்ல இறைச்சி எண்டு சாப்பிட பக்கத்தில இருக்கிறவர் கோப்பையைத் தள்ளி வைப்பார், அதால மூக்கை மட்டும் நம்பி வித்துப்போடாதேங்கோ.

முதல்ல லாப்போட கதைச்சு எந்த ரியூப், எத்தினை மில்லி எண்டு கேளுங்கோ. ரத்தம் எடுக்கிறதை மிருக வைத்தியரிட்ட விடுங்கோ. மேல்தாடையில சுருக்குப் போட்டா பண்டி பின்னுக்கு இழுத்துக்கொண்டு நிக்கும், அப்ப வலப்பக்கக் கழுத்தால எடுப்பினம். அனேகமா ரத்தம் கட்டியாகாம இருக்க ஹெப்பரின் மருந்து போட்ட பச்சை மூடி ரியூப்தான், எட்டுப் பத்துத் தரம் மெதுவாக் கவிழ்த்து நிமித்துங்கோ, குலுக்கினா ரத்தத்தில இருக்கிற செங்கலம் உடைஞ்சு, பிளாஸ்மா எண்ட ரத்தத்தின்ர நீர்ப்பகுதி சிவந்துபோம், பிறகு அந்த ரிசல்ட்டை நம்பேலாது. ஸ்கட்டோல் மணித்தியாலக் கணக்கில ஏறி இறங்கும், அதால எல்லாப் பண்டிக்கும் ஒரே நேரத்தில எடுத்து, தீனி வச்ச நேரத்தையும் எழுதி வையுங்கோ.

வன்னி வெக்கைதான் பெரிய எதிரி. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கமிருந்து மோட்டச்சைக்கிள்ல கொண்டு போறதெண்டா ரெஜிபோம் பெட்டியும் ஐஸும் கட்டாயம் வேணும், ஆனா ரியூபைப் பேப்பரில சுத்தி வையுங்கோ, ஐஸில நேரா முட்டி ரத்தம் உறைஞ்சா செங்கலம் வெடிச்சிடும். சென்ட்ரிபியூஜ் எண்ட வேகமாச் சுத்துற மெசினில பத்து நிமிசம் சுத்தினா மேல வைக்கோல் நிறத்தில பிளாஸ்மா நிக்கும், அடியைக் கலக்காம மேலால உறிஞ்சி ரெண்டு குப்பியில பிரிச்சு மைனஸ் 20 பாகையில வைக்கோணும்.

லாப்பில பிளாஸ்மாவுக்கு அசிற்றோநைட்ரில் எண்ட திரவத்தை விட்டுப் புரதத்தைப் படிய வச்சு, மேல நிக்கிற தெளிவை எச்.பி.எல்.சி. எண்ட, கலந்திருக்கிற சாமானுகளைப் பிரிச்சு அளக்கிற மெசினுக்கு விடுவினம். ஸ்கட்டோல் ஊதாக்கதிர் பட்டா தானா ஒளிரும், அந்த ஒளியை மெசின்ர டிடெக்டர் பிடிச்சிடும். அண்ட்ரோஸ்டினோன் ஒளிராது, அதுக்கு எலைசா எண்ட பிறபொருளெதிரிச் சோதினையோ, மூலக்கூற்றின்ர நிறையை வச்சுப் பிடிக்கிற மாஸ் ஸ்பெக் மெசினோ வேணும், ரெண்டும் செய்வியளோ எண்டு முதலே கேட்டு வையுங்கோ.

ரிசல்ட் வந்தோடன கனபேர் விடுற பிழை ஒண்டு இருக்கு. கிராமுக்கு அண்ட்ரோஸ்டினோன் 0.5 இலயிருந்து 1 மைக்ரோகிராம், ஸ்கட்டோல் 0.2 இலயிருந்து 0.25 எண்டு சொல்லுற எல்லை கொழுப்புக்கு உரியது, ரத்தத்துக்கு இல்லை. ரத்தத்தில உங்கட பண்டியளை ஒண்டோட ஒண்டுதான் ஒப்பிடலாம். அண்ட்ரோஸ்டினோன் கூடின கடுவனை நலமடிச்சு, கொழுப்பில சேர்ந்தது இறங்கக் கொஞ்சக் கிழமை விட்டு வெட்டுங்கோ. ஸ்கட்டோல் மட்டும் கூடவெண்டா கொட்டிலைப் பாருங்கோ, சாணியில புரண்டு படுக்கிற பண்டிக்கு அது ஏறும், நிலத்தை ஒவ்வொரு நாளும் கழுவிக் காயவிட்டு ரெண்டு கிழமையால அதே நேரத்தில திரும்ப ரத்தம் எடுங்கோ.